இறந்தார் காடு தெரிகிறது. இருந்தார் ஊர் எங்கே?

தி.பி. 2056 சுறவம் 10-ஆம் நாள் (23.1.2025) சென்னையில் தமிழ்நாட்டரசு 'இரும்பின் தொன்மை' என்னும் ஆய்வுநூலை வெளியிட்டது. சிவகளை, மயிலாடும்பாறை என்னும் ஊர்ப்பெயர்களோடு நம் திருவண்ணாமலை மாவட்டத்துக் கீழ்நமண்டியின் பெயரும் அன்று பலர் வாயில் ஒலித்தது. வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் அது. ஆங்குள்ள ஈமக்காட்டில் தொல்லியல் துறையினர் 2023 முதல் அகழ்ந்தனர். அதிற் கண்ட சுடுமண் ஈமப்பேழைப் புதைகுழி ஒன்றிற் கிடைத்த கரித்துண்டு கி.மு. 1692-ஆம் ஆண்டினது என அளந்து கூறினர். ஏறத்தாழ 3700 ஆண்டு! மறுநாட் காலை எம் பள்ளி ஆசிரியர் அறையில் நாளிதழை உரக்கப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும், மூலையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்காசிரியர் தலைநிமிராமலே, "அதெல்லாம் சரி, புலவரே! பேழைக்குள் படுத்தவர் எந்த ஊர்க்காரர்? எந்தக் கழனியை உழுதார்? அதையும் போட்டிருக்கிறார்களா, பாருங்கள்" என்றார்.

கேலியாகத்தான் கேட்டார். ஆயினும் எனக்கு அது கேலியாகப் படவில்லை. போட்டிருக்கவில்லை என்பதே விடை. அன்றைய நாளிதழ்களில் ஆண்டு பேசப்பட்டது, பேழை பேசப்பட்டது, அப் பேழையை வனைந்த கைக்குச் சோறிட்ட நிலம் பேசப்படவில்லை.

இக் குறை கீழ்நமண்டிக்கு மட்டும் உரியதன்று. தமிழகம் முழுவதிலும் இரும்புக்காலத்து ஈமக்காடுகள் கணக்கிறந்து காணப்படுகின்றன. அவற்றுக்குரிய மக்கள் குடியிருந்த ஊர்களாக அறியப்பட்டவையோ மிகச் சில. நொய்யற்கரைக் கொடுமணல் போல் குடியிருப்பும் ஈமக்காடும் அருகருகே கிடைத்து அகழப்பட்ட இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நம் மாவட்டத்திலும் தண்டராம்பட்டுப் பக்கம் மோட்டூரில் கல்வட்டத்துள் தலையின்றித் தோள் விரித்து நிற்கும் ஆளுருவக் கல்லைக் காண வெளிநாட்டாரும் வருகின்றனர். அக்கல்லை நிறுத்தியவர் எங்கே உலைவைத்தனர் என்று கேட்பார் இலர்.

இதன் கரணியம் எளியது. இறந்தவர்க்குக் கல்லால் வீடு கட்டினர். தாம் இருக்க மண்ணாலும் மரத்தாலும் கீற்றாலும் கட்டினர். கல் நின்றது; மண் கரைந்து மேடாயிற்று. ஈமக்காடு பெரும்பாலும் உழவுக்கு உதவாத கரட்டில் அமைந்தது. ஊரோ நீர்நிலையருகே நல்ல மண்ணில் அமைந்தது. நல்ல மண்ணைப் பின்வந்தவர் விடுவரோ? உழுதனர், வீடு கட்டினர், மீண்டும் உழுதனர். ஆகவே, கண்ணுக்குத் தெரிவது இறந்தாரின் காடு. காலடியில் மிதிபடுவது இருந்தாரின் ஊர். கல்வட்டத்தைப் பாண்டவர் வீடென்றும் குள்ளர் வீடென்றும் அஞ்சி ஒதுங்கிச் செல்லும் நம் மக்கள், ஊர்மேட்டை வெறும் மேடென்றே கொள்கின்றனர்.

இனி, என் பிழையொன்றைச் சொல்லியாக வேண்டும். பன்னிரண்டாண்டுகட்கு முன், திருவண்ணாமலைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் திருமணம் ஒன்றற்குச் சென்றிருந்தேன். உண்டபின் ஏரிக்கரைப் பக்கம் நடந்தபோது, கரைக்கு உள்ளடங்கி, இரண்டு ஆள் உயரத்தில், சாம்பல் நிறமான ஒரு மேடு கண்டேன். மழை அரித்த சரிவெங்கும் பானையோடுகள். உட்புறம் கறுத்தும் வெளிப்புறம் சிவந்தும் வழவழத்தவை. நூல் நூற்கும் தக்களிக்குரிய சுடுமண் வட்டு ஒன்று. தேய்ந்த அரைகல் ஒன்றன் பாதி. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவரை, "இந்த மேட்டுக்கு என்ன பேருங்க, பெரியவரே?" என்று கேட்டேன். "நத்தமேட்டுக் கொல்லைன்னு சொல்றதுங்க ஐயா. நத்தம்னா ஊரு இருக்கணும். இங்கே எந்த ஊரு இருந்துச்சின்னு எங்க தாத்தனுக்கே தெரியாது" என்றார்.

அதற்குமேல் ஒருவர் என்ன சான்று சொல்ல வேண்டும்? யானோ நாலைந்து ஓடுகளைத் தாளிற் பொதிந்துகொண்டு வீடு திரும்பினேன். பொதியைப் பரணில் வைத்தேன். துறைக்கு ஒரு மடல் எழுத வேண்டுமென எண்ணினேன். தேர்வு வந்தது, கோடை விடுமுறை வந்தது, மகள் திருமணம் வந்தது. ஈராண்டு கழித்து அவ்வழிச் சென்றபோது மேடு இல்லை. மண்வாரி எந்திரம் ஒரு கிழமையில் அதனை வழித்தெடுத்துவிட்டதாம். சாலைக்குப் பாதி, பழைய நத்தத்து மண் பயிர்க்கு நல்ல எருவென்று கழனிகளுக்குப் பாதி. எவரும் திருடவில்லை, எவரும் மறைத்துச் செய்யவுமில்லை. அது ஓர் ஊர் என்று அறிந்திருந்தவன் அப்பகுதியில் யான் ஒருவனே; யான் வாய்திறக்கவில்லை. அன்றெடுத்த ஓடுகளும் இன்று குப்பையே. எந்த ஆழத்தில், எதனோடு, எப்பக்கத்திற் கிடந்தன என்று குறித்து வையாத ஓடு, ஏட்டிலிருந்து கிழித்தெடுத்த ஒரு சொல்லைப் போன்றது. அதனைப் படிக்கலாம், பொருள் கொள்ளவியலாது.

அம் முதியவர் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். 'நத்தம்' என்பது ஊர் மக்கள் வீடு கட்டி வாழும் இடம். தஞ்சைப் பெருங்கோயிற் கல்வெட்டுகளில், இறையிலியாக ஒதுக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும்போது ஊர்நத்தத்தையும் குளத்தையும் சுடுகாட்டையும் தனித்தனியே சொல்கின்றனர். ஆயிரம் ஆண்டுக்கு முன் கணக்கர் வாயில் வழங்கிய அதே சொல் இன்றும் ஊர்நிருவாக அலுவலர் ஏட்டில் வழங்குகிறது. ஆள் இல்லாத கொல்லைக்கு நத்தம் என்று பெயர் இருக்குமாயின், ஆங்கு ஒருகால் அடுப்பெரிந்தது என்பதற்கு அப் பெயரே முதற்சான்று. பாழ், பாழ்மனை, பழவூர், திடல், சாம்பல்மேடு, ஓட்டுமேடு என்றாற்போல் வரும் புலப்பெயர்களும் இத்தகையனவே. வைகைக்கரைக் கீழடியில் தென்னந்தோப்புக்குள் மறைந்திருந்த மேட்டை மக்கள் பள்ளிச்சந்தைத் திடல் என்றே வழங்கினர். தோப்பாக இருந்ததால் ஆழ உழப்படாமல் அம்மேடு தப்பியது; 2015-இல் நடுவணரசின் தொல்லியல் துறை அங்கு மண்வெட்டியை ஊன்றியபோது ஒரு நகரமே மேலெழுந்தது.

ஆள் ஒழிந்த ஊர்க்கு வருவாய்த்துறையார் வைத்திருக்கும் பெயரோ வேறு. 'பேச்சிராக்கு' என்று எழுதுவர். பலர் அதனைப் பேய் வாழும் ஊர் என்று பொருள்கொண்டிருக்கக் கேட்டிருக்கிறேன்! அது பாரசீகச் சொல். 'பே' என்றால் இன்மை. 'சிராக்கு' என்றால் விளக்கு. விளக்கில்லாத ஊர் என்பது பொருள். சொல் அழகியதுதான், மறுக்கவில்லை. ஆயினும், பாழூர் என்று நம் பாட்டன் வாயிலிருந்த சொல்லை விலக்கி, எவர்க்கும் விளங்காத சொல்லைப் பதிவேட்டில் ஏற்றியதால் நேர்ந்தது என்ன? படிக்கும் அலுவலர்க்கும் பொருள் தெரியவில்லை, குடிகளுக்கும் தெரியவில்லை. பாழூர் என்று எழுதியிருந்தால், "ஏன் பாழாயிற்று?" என்று ஒருவராவது கேட்டிருப்பர்.

ஏன் பாழாயிற்று என்பதற்கு நம் பகுதியில் விடை பலவாகும். செங்கத்தைச் சூழ்ந்த நடுகற்கள் பெரும்பாலும் ஆநிரைப் பூசலிற் பட்ட மறவர்க்கு நட்டவை. 1972-இல் அவை 'செங்கம் நடுகற்கள்' எனத் தொகுக்கப்பெற்று வெளிவந்தன. எடுத்தனூரில், கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனோடு நின்ற கோவிவன் என்னும் நாய்க்கும் கல்லெடுத்திருக்கின்றனர். மகேந்திரவருமன் காலத்துக் கல் அது. ஆநிரையே செல்வமாயிருந்த அந்நாளில், நிரை போன ஊர் எத்தனை நாள் நின்றிருக்கும்? பின்னாளில் வரிச்சுமை தாங்காது குடிகள் ஊரைவிட்டுப் போன செய்தியை விசயநகரக் காலக் கல்வெட்டுகள் சொல்கின்றன. 1767-இல் ஐதர் அலிக்கும் ஆங்கிலேயர்க்கும் இத் திருவண்ணாமலையிலேயே போர் நிகழ்ந்தது. 1780-இல் ஐதர் படை மீண்டும் ஆர்க்காட்டு நாட்டுட் புகுந்தபோது எரிந்த ஊர்கள் பல. அடுத்த நூற்றாண்டில், 1876 முதல் 1878 வரை, தாது ஆண்டுப் பஞ்சம். ஆகவே, ஒரு நத்தமேடு 3000 ஆண்டுக்கு முந்தியதாகவும் இருக்கலாம். நம் கொள்ளுப்பாட்டி ஓடிவந்த ஊராகவும் இருக்கலாம். தோண்டிப் பாராமல் முன்னது என்று முழங்குவது பேதைமை. பின்னதாயின் காக்க வேண்டியதில்லை என்பது அதனினும் பெரிய பேதைமை.

ஊரைச் சொன்னேன், அதன் வயலைச் சொல்லவில்லை. வயலுக்குத் தடம் உண்டோ எனின், உண்டு. இராசத்தான் மாநிலத்துக் காலிபங்கனில் 1960-களில் அகழ்ந்தோர், அரப்பா நாகரிகம் முதிர்வதற்கு முன்னரே உழுத வயல் ஒன்றைச் சால் கெடாமற் கண்டனர். ஊர்மதிலுக்கு வெளியே, பின்னாள் மண் மூடியதால் அது காக்கப்பட்டிருந்தது. கிழமேலாக நெருங்கிய சால்கள். தென்வடலாக அகன்ற சால்கள். ஒன்றையொன்று குறுக்கே வெட்டிச் சென்றன. அப் பக்கத்து உழவர் இன்றும் நெருங்கிய சாலிற் கொள்ளும் அகன்ற சாலிற் கடுகுமாக இருபயிர் இடுவதை அகழ்ந்தவர்களே பார்த்து எழுதினர். ஏறத்தாழ 4800 ஆண்டுக்கு முன் ஒருவன் ஏர்பூட்டி நடந்த நடை மண்ணிற் கிடக்கிறது! அரண்மனை கண்டிருந்தாலும் எனக்கு இத்துணை மெய்சிலிர்த்திராது.

அவ்வளவு தொலைவு போவானேன்? திருப்பத்தூர்ப் பக்கம், பழைய வட ஆர்க்காட்டு மாவட்டத்துப் பையம்பள்ளியில் நடுவணரசுத் தொல்லியல் துறையினர் 1964 முதல் 1968 வரையிலான ஆண்டுகளில் அகழ்ந்தனர். புதிய கற்காலத்து மக்கள் நிலத்தைக் குழித்து அதன்மேல் கூரையிட்டு வாழ்ந்த குழிவீடுகளும், தீட்டி மெருகிட்ட கற்கோடரிகளும் கிடைத்தன. அவற்றோடு தீய்ந்து கரியாகிப்போன கொள்ளும் பச்சைப்பயறும் கிடைத்தன. இன்றும் மானாவாரிக் கொல்லையில் நாம் விதைக்கும் அதே கொள்ளு! அக்கோடரிகளை ஒத்த கற்களைச் சவ்வாது மலையூர்களில் மரத்தடியில் வைத்துத் தெய்வமாக வணங்குகின்றனர். கருவியைக் கும்பிடுகிறோம், அக் கருவியாற் காடு திருத்திய கொல்லை எதுவென்று தேடவில்லை.

கழக இலக்கியம் கற்றோர்க்கு மலைபடுகடாத்தை நினைவூட்ட வேண்டியதில்லை. செங்கண்மாவென்னும் இன்றைய செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடிய 583 அடிப் பெரும்பாட்டு. சேயாறும் நவிரமலையும் அதில் வருகின்றன. புலவர் வழியிற் கண்ட விளைவை அடுக்கும்போது எள்ளையும் தினையையும் அவரையையும் வரகையும் ஐவன நெல்லையும் கரும்பையும் இஞ்சியையும் சொல்கிறார். யாம் அதனை மாணவர்க்கு அணிநயம் காட்டி நடத்தி முடித்துவிடுகிறோம். அது நம் மாவட்டத்தின் பயிர்க் கணக்கு அன்றோ? செங்கத்தைச் சூழ்ந்த ஊர்மேடு ஒன்றை முறையாக அகழ்ந்து, மண்ணை நீரிற் கரைத்து, மிதந்துவரும் கரிந்த விதையைச் சல்லடையிற் பிடித்துப் பார்த்தால், பாட்டுச் சொன்ன கூலத்தை மண்ணும் சொல்கிறதா என்று காணலாம். பொருந்தலில் ஒரு கலத்துள் இருந்த நெல்லும், சிவகளைத் தாழியில் இருந்த நெல்லும் ஆண்டு அளக்கப்பெற்றுவிட்டன. ஆனால் அவை இறந்தவர்க்குப் படைத்த நெல். படைத்த நெல்லைக் கண்டோம். விளைத்த வயலைக் காணவில்லை.

இங்கிலாந்தில் இதனை எவ்வாறு செய்தனர் என்று பார்க்கலாம். அந்நாட்டிலும் இடைக்காலத்தில் ஆளொழிந்த ஊர்கள் ஏறத்தாழ 3000 உள்ளன. மாரிசு பெரசுபோர்டு என்னும் பொருளியல் வரலாற்றாசிரியர் மண்வெட்டி பிடித்தவரல்லர்; பழைய நிலப்படமும் வரிக்கணக்கும் படித்தவர். ஏட்டில் ஊர், நிலத்தில் வெறும் புல் என்ற இடங்களை அவர் நடந்து சென்று பார்த்தார். வீட்டடியும் தெருவும் பழைய ஏருழவின் வரப்பும் சாலும் புல்லின் கீழ் அலையலையாகக் கிடந்தன. வாரம் பெர்சி என்னும் ஓர் ஊரில் மட்டும், தொல்லியலாளர் சான் அருசுட்டு என்பாரோடு சேர்ந்து, 1950 முதல் 1990 வரை கோடைதோறும் ஆய்வு நடந்தது. நாற்பதாண்டு, ஒரே சிற்றூர், அரசனும் இல்லை, பொன்னும் இல்லை. ஆட்டு மேய்ச்சலுக்காகக் கடைசிக் குடிகள் வெளியேற்றப்பட்ட எளியோர் ஊர் அது.

நம்மிடம் ஏடு இல்லையா? திருவண்ணாமலைக் கோயிலிலேயே நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. கொடைநிலத்துக்கு நான்கெல்லை சொல்பவை அவற்றுட் பல. அவற்றில் வரும் ஊர்களையெல்லாம் இன்றைய நிலப்படத்திற் காட்டிவிட முடியாது. பழைய விற்பனை ஆவணங்கள் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கின்றன. அவற்றிற் கொல்லைக்குக் கொல்லை பெயர் உண்டு. நில அளவை வந்தபின் பெயர் போய் எண் வந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்பின், புல எண்ணும் உட்பிரிவு எண்ணுமே உழவர் வாயிலும் வழங்கலாயின. எண் வேண்டாமென்று சொல்லவில்லை. எண்ணுக்குப் பக்கத்தில் பெயரும் இருக்கட்டும் என்கிறேன். இன்று அறுபது எழுபது அகவைக்கு மேற்பட்டோர்க்கே அப் பெயர்கள் தெரியும். கொல்லைகள் மனைப்பிரிவுகளாகி 'நகர்'களாக மாறும் விரைவைத் திருவண்ணாமலையைச் சுற்றி வாழ்வோர் அறிவர். இன்னும் பத்தாண்டில் கேட்பதற்கு ஆள் இராது.

சட்டம் இருக்கிறதே என்பர். நடுவணரசுக்கு 1958-ஆம் ஆண்டுச் சட்டமும், தமிழ்நாட்டரசுக்கு 1966-ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. அவை காப்பது, காக்கப்பட வேண்டியதென அறிவிக்கப்பட்ட இடத்தை. அறிவிக்கப்படாத மேடு சட்டத்தின் கண்ணில் மண். மண்ணுக்கு விலை உண்டு. ஆகவே யான் கேட்பது சிறிது. ஒவ்வோர் ஊரின் அ-பதிவேட்டிலும் குறிப்புக் கட்டம் உள்ளது. நத்தமென்றும் பாழென்றும் பெயருடைய, பானையோடு கிடக்கும் புலங்களுக்கு நேரே 'ஊர்மேடு' என்று ஒரு சொல் எழுதச் செய்க. அச்சொல் இருக்கும் புலத்தில் மண்ணெடுக்க இசைவு கேட்போர்க்கு, தொல்லியல் துறையார் ஒருமுறை பார்த்தபின்னரே இசைவு தருக. இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை.

உழவர்க்கு ஓர் அச்சம் உண்டு. "ஓடு கிடக்குதுன்னு சொன்னா, நெலத்தப் புடுங்கிப்பாங்க" என்று என்னிடம் நேரிற் சொன்னவர் உளர். அவ் வச்சத்தை அறியாமை என்று தள்ளுவது தவறு. இரண்டு காணிக் கொல்லையே வாழ்வாக இருப்பவன் தொன்மையை உண்டு வாழவியலாது. அறிவிக்கும் உழவர்க்கு, மேடு நிற்கும் பரப்பின் விளைவுக்கு ஈடு கொடுத்தாக வேண்டும். மேலாக உழுவதைத் தடை செய்யாது, மண்ணெடுப்பதை மட்டும் தடுத்தாலே பெரும்பகுதி காக்கப்படும். இதனைச் சொல்லாமல் "நம் மரபு, நம் பெருமை" என்று உழவன் தலையில் மட்டும் பெருமையை ஏற்றுவது அறமன்று.

நம் அன்பர்களிடமும் ஒன்று சொல்வேன்; சினங்கொள்ளற்க. ஆண்டெண் வந்தவுடன் துள்ளுகிறோம், பதாகை வைக்கிறோம், எண் பெரிதாக இருந்தால் பெரிதாகத் துள்ளுகிறோம். கீழ்நமண்டியின் 1692-ஐ வாய்ப்பாடாகச் சொல்லும் இளைஞர்களிடம், "உங்கள் ஊர்க் கொல்லைகளில் நான்கின் பெயர் சொல்லுங்கள்" என்றால் விழிக்கின்றனர். எண்ணைக் கண்டுபிடித்தவர் ஆய்வகத்தார். பெயரைக் காக்க வேண்டியவர் நாம். அதற்கு ஆய்வகம் வேண்டா. பாட்டியிடம் அரைநாள் உட்கார்ந்தால் போதும்.

எட்டாம் வகுப்பு மாணவர்க்கு இவ்வாண்டு அதனையே கோடைப் பணியாகக் கொடுத்தேன். ஊர்ப்பெயர், கொல்லையின் பெயர், சொன்னவர் பெயரும் அகவையும், கொல்லையில் ஓடு கிடக்கிறதா இல்லையா, இவ்வளவே. ஓட்டைத் தொடக்கூடாது, எடுத்து வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். என் பரணிலுள்ள பொதியைக் காட்டியே சொன்னேன். குறிப்பேடுகளுட் பாதி, ஒருவனைப் பார்த்து ஒருவன் எழுதியவை. அதனை யான் எதிர்பார்த்தேன். ஒரு மாணவி மட்டும், தன் பாட்டி சொன்னதாகப் 'பாழ்மனைக் கொல்லை' என்று ஒரு பெயரும், "மழைக்குப் பின் கறுப்பு ஓடு நிறைய" என்று ஒரு குறிப்பும் எழுதி வந்திருக்கிறாள். புல எண்ணையும் தந்தையிடம் கேட்டுக் குறித்திருக்கிறாள். துறைக்கு மடல் எழுதி அஞ்சலிற் சேர்த்துவிட்டேன். வரும் ஞாயிறன்று நேரிற் சென்று பார்க்கவிருக்கிறோம். கணக்காசிரியரும் வருகிறார்; அளவு நாடா அவர் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.